நின்றுபோன மணிக்கூடெல்லாம் போலி அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் தமது மனக்குறையை எழுதியிருந்தார். சுவிற்சர்லாந்தில் இருக்கும் மகன் பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கி அனுப்பிய கைமணிக்கூடு, கட்டிக்கொண்டு திரியும் நாட்களில் ஓடுவதாகவும், அலுமாரியில் வைத்துவிட்டு நாலு நாள் கழித்து எடுத்தால் நின்றுபோயிருப்பதாகவும், போதாக்குறைக்கு இப்போது ஒரு நாளில் ஏழெட்டு நிமிடம் முந்தி ஓடுவதாகவும், ஆகவே யாரோ தம் மகனுக்குப் போலியை விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்றும் அவர் முடிவு கட்டியிருந்தார். நானூறு ரூபாய்க்குச் சந்தையில் வாங்கிய மணிக்கூடே இதைவிட நேர்மையானது என்ற அவரது கடைசி வரி, படித்தவர்களைச் சிரிக்க வைத்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொல்லும் இரண்டு குறைகளில் ஒன்று குறையே அல்ல. மற்றது பத்து நிமிடத்தில் தீரக்கூடியது. இதை அறியாமல் அந்தப் பெரியவர் மகனுக்குத் தொலைபேசியில் ஏதும் கடுமையாகச் சொல்லிவிடக்கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் மணிக்கூடு திருத்துபவன் அல்லன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆனால் என் மாமனார் கிளிநொச்சிச் சந்தைக்கு அருகே, ஒரு மேசையும் அதன்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியுமாக இருந்து நீண்ட காலம் மணிக்கூடு திருத்தியவர். கல்யாணமான புதிதில், வேலை முடிந்து வீடு போகும் வழியில் அவருக்குத் துணையாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். அவர் எண்ணெய் இடுவதைப் பார்ப்பதற்காகவே இருந்தேன் என்றும் சொல்லலாம். ஊசியை விட மெல்லிய ஒரு கம்பியின் நுனியை எண்ணெயில் தொட்டு, கண்ணில் பொருத்திய வில்லையை ஒருமுறை சரிசெய்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கடுகில் பத்திலொரு பங்குகூடத் தேறாத அந்தத் துளியை ஒரு சிவப்புக் கல்லின் குழியில் வைப்பார். அந்த நேரத்தில் யாராவது விலை கேட்டால் மறுமொழி வராது. எண்ணெய் குழியில் இறங்கிய பிறகுதான் மூச்சும் வரும், பேச்சும் வரும்.

1990இற்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்ட பொருட்களில் பற்றறியும் ஒன்று என்பதை எங்கள் தலைமுறைக்கு நினைவூட்டத் தேவையில்லை. பற்றறியில் ஓடிய மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போது எல்லோரும் பெட்டகங்களைக் கிளறி, அப்பாமார் கட்டிய சாவி கொடுக்கிற மணிக்கூடுகளையும், அரபு நாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த சீக்கோ, சிற்றிசன் போன்றவற்றையும் தூக்கிக்கொண்டு மாமனாரிடம் வந்தார்கள். அவருக்கு அவ்வளவு வேலை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. பாதை திறந்து பற்றறி வந்தது. பிறகு கைத்தொலைபேசி வந்தது. சாவி மணிக்கூட்டைப் பற்றிய அறிவும் அவரோடு போய்விட்டது. இன்று அதே இயந்திர மணிக்கூடு, முன்பு நாம் கண்டிராத விலையில், சூரிச்சிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கல்யாணப் பரிசாகவும் அறுபதாம் ஆண்டு நிறைவுப் பரிசாகவும் வந்து சேர்கிறது. வாங்கித் தருகிற பிள்ளைகளுக்கும் அதை எப்படி வைத்துக்கொள்வதென்று சொல்லித்தரத் தெரியவில்லை. பெற்றுக்கொள்கிற எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மணிக்கூட்டுக்குள் பற்றறி இல்லை என்பதை முதலில் மனதில் இருத்தவேண்டும். நான் நீர்ப்பாசனக்காரன், எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். உள்ளே சுருட்டி அடைத்து வைக்கப்பட்டிருக்கும் நீண்ட எஃகு வில் ஒரு குளம். பற்சக்கரங்கள் வாய்க்கால்கள். குளத்து நீர் முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறிவிடாமல் துருசு எப்படி அளந்து விடுகிறதோ, அப்படி அந்த வில்லின் விசையைக் கொஞ்சங்கொஞ்சமாக விடுவிக்க ஒரு சிறு நெம்பும் பற்சக்கரமும் இருக்கின்றன. துருசு எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்று கட்டளையிடுவது, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வளையச் சக்கரம். அந்தச் சக்கரத்தின் ஆட்டத்தை ஒழுங்குபடுத்துவது தலைமயிர் போன்ற இன்னொரு சுருள்வில். இன்றைய மணிக்கூடுகள் பலவற்றில் இந்தத் துருசு செக்கனுக்கு 8 தடவை, அதாவது மணித்தியாலத்துக்கு 28,800 தடவை திறந்து மூடுகிறது. ஒரு நாளுக்கு 691,200 தடவை. வருடத்துக்கு இருபத்தைந்து கோடியைத் தாண்டும். இவ்வளவு வேலையும் ஒரு ரூபாய் நாணயமளவு இடத்துக்குள் நடக்கிறது. முகப்பில் '17 கல்', '25 கல்' என்று எழுதியிருப்பதும் இதற்காகவே: சக்கரங்களின் அச்சு தேயாமலிருக்க அவை சுழலும் இடங்களில் செயற்கை மாணிக்கக் கல் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றி விற்றால் எவ்வளவு வரும் என்று மாமனாரிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு தேநீருக்குக்கூடக் காணாது.

இனி, அலுமாரியில் வைத்தால் நின்றுபோகிறது என்ற முறைப்பாடு. தானாகச் சாவி ஏறும் மணிக்கூட்டில், பின்மூடிக்கு உள்ளே அரைவட்டமான ஒரு பாரம் இருக்கிறது. கை அசையும்போது அது சுழன்று வில்லைச் சுருட்டுகிறது. கை அசையாவிட்டால் குளத்துக்கு வரத்து இல்லை. முழுதாகச் சுருண்ட வில், பழைய வகை மணிக்கூடுகளில் ஏறத்தாழ 40 மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். ரிசோவின் சில புதிய மணிக்கூடுகள் 80 மணித்தியாலமும், றோலெக்ஸின் இன்றைய மணிக்கூடுகள் பல 70 மணித்தியாலமும் ஓடுகின்றன. ஆகவே வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டிவிட்டு அலுமாரியில் வைத்தது, செவ்வாய்க்கிழமை நின்றிருப்பதுதான் இயல்பு. நிற்காவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன். உள்ளே பற்றறி இருக்கக்கூடும்!

நின்ற மணிக்கூட்டை எடுத்துக் கையை உதறி உதறி ஓடவைப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அது தேவையில்லை. பக்கத்திலிருக்கும் குமிழை, வெளியே இழுக்காமல், மேல்நோக்கி நிதானமாக 30 சுற்றுச் சுற்றினால் போதும். தானாகச் சாவி ஏறும் மணிக்கூட்டில் வில் நிறைந்ததும் அது உறைச்சுவரில் வழுக்கி விடும். ஆகவே கூடச் சுற்றியதால் வில் அறுந்துவிடும் என்று பயப்படவேண்டியதில்லை. கையால் மட்டுமே சாவி கொடுக்கும் வகை வேறு. அதில் குமிழ் இறுகி நிற்கும் இடம் தெளிவாகக் கைக்குத் தெரியும், அதற்கு மேல் ஒரு அரைச் சுற்றும் கூடாது. பழைய சீக்கோ ஃபைவ் பலவற்றில் குமிழைச் சுற்றிச் சாவி கொடுக்கவே முடியாது. அவற்றை மட்டும் கையில் கிடையாகப் பிடித்து மெதுவாக அரை நிமிடம் ஆட்டிவிட்டுக் கட்டிக்கொள்ளலாம். கடலுக்குள் கட்டிக்கொண்டு போகத்தக்கவை என விற்கப்படும் மணிக்கூடுகளில் குமிழ் மரைபோட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அதை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றிச் சாவி கொடுத்துவிட்டு, மறுபடியும் உள்ளே அழுத்தியபடி வலப்பக்கமாகத் திருகிப் பூட்டவேண்டும். கோணலாக மரை ஏறினால் பலவந்தம் பண்ணாமல் கழற்றி மறுபடி தொடங்கவேண்டும். பூட்ட மறந்த குமிழால்தான் பெரும்பாலான விலையுயர்ந்த மணிக்கூடுகளுக்குள் தண்ணீர் போகிறது என்பது என் அநுபவம்.

திகதியை மாற்றுவதில் ஒரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில், திகதித் தட்டைத் தள்ளும் பல் உள்ளே கௌவிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் குமிழை இழுத்துத் திகதியை அவசரமாகத் திருப்பினால் அந்தப் பல் உடையலாம், அல்லது வளையலாம். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் திகதியை வைத்து, பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு. இதை மாமனார் எனக்குச் சொல்லித்தந்த சந்தர்ப்பம் வேடிக்கையானது. 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தி, அதே ஆண்டில் அரை மணித்தியாலம் பின்வாங்கியபோது, வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரைக்கும் வவுனியாவில் ஒரு நேரமும் கிளிநொச்சியில் ஒரு நேரமுமாக இருந்த அந்தக் காலத்தில், ஓமந்தையைக் கடந்து வவுனியாவுக்குப் போய்வந்தவர்கள் போகும்போது முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்கும் வரும்போது பின்னுக்கும் திருப்பினார்கள். "பின்னுக்குத் திருப்பிறதெண்டால் பகலில திருப்புங்கோ தம்பி, இரவில வந்து இறங்கினால் விடியும்வரைக்கும் பிழையான நேரத்தோடயே படுங்கோ" என்பார் அவர். அந்த அறிவுரையை நான் இன்றும் மீறுவதில்லை.

இப்போது புதுக்குடியிருப்பு வாசகரின் இரண்டாவது குறைக்கு வருகிறேன். சில மாதம் ஒழுங்காக ஓடிய மணிக்கூடு, கீழே விழாமலும் தண்ணீர் படாமலும், திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால், நூற்றுக்குத் தொண்ணூறு அது காந்தம் ஏறிய மணிக்கூடு. நான் மேலே சொன்ன தலைமயிர்ச் சுருள் காந்தமானால் அதன் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுருளின் நீளம் குறைந்தது போலாகி, சக்கரம் வேகமாக ஆடும். சில நவீன மணிக்கூடுகளில் இந்தச் சுருளைச் சிலிக்கனால் செய்கிறார்கள். அதில் காந்தம் ஒட்டாது. 15,000 கோஸ் அளவு காந்தப் புலத்திலும் பாதிக்கப்படாதவை எனப் பரிசோதித்துச் சான்றளிக்கப்பட்ட ஒமேகா மணிக்கூடுகளும் உண்டு. ஆனால் எங்கள் கைகளுக்கு வரும் மணிக்கூடுகளில் பல அப்படிப்பட்டவை அல்ல.

எங்கிருந்து காந்தம் வந்தது என்று தேடவேண்டியதில்லை. என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். என் பெறாமகன் தந்த மணிக்கூடு போன வருடம் இப்படித்தான் நாளுக்கு ஆறு நிமிடம் முந்தியது. இரவில் அதைக் கழற்றி நான் வைப்பது என் கைத்தொலைபேசியின் மேல். அந்தத் தொலைபேசியின் தோலுறை மடித்து மூடினால் 'டக்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதே காந்தத்தால்தான் என்பது, வேலைக்காலம் முழுவதும் அளவைக் கருவிகளோடு திரிந்த எனக்கு ஆறு மாதமாக உறைக்கவில்லை. திணைக்களத்தில் இருந்தபோது பாவித்த பழைய திசைகாட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதை மேசையில் வைத்து, முள் வடக்கில் அடங்கியதும், மணிக்கூட்டை மெதுவாக அருகே கொண்டுபோனேன். முள் முதலில் நடுங்கியது, பிறகு ஒரு பக்கமாக இழுபட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மணிக்கூட்டைக் கொண்டுபோனபோது அது அசையவில்லை. வவுனியாவில் ஒரு நண்பரிடம் காந்தம் நீக்கும் சிறு கருவி இருந்தது. மின்சாரத்தில் போட்டு, மணிக்கூட்டை அதன்மேல் வைத்து, விசையை அழுத்தியபடியே கையை நீட்டி மெல்ல மேலே தூக்கினார். முழுவதும் ஒரு நிமிடம். அன்றிலிருந்து அது நாளுக்கு நாலு செக்கனுக்கு மேல் பிழைக்கவில்லை. தொலைபேசி உறை, ஒலிபெருக்கி, வானொலிப் பெட்டி, காந்தம் வைத்த கைப்பைப் பூட்டு, காந்தத்தூண்டல் அடுப்பு ஆகியவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் போதும். தூரம் கூடக்கூடக் காந்தத்தின் வலு மிக விரைவாகக் குறைந்துவிடும்.

நாலு செக்கன் பிழைப்பதா, இவ்வளவு விலை கொடுத்துமா, என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாளில் 86,400 செக்கன்கள். சுவிற்சர்லாந்தின் அதிகாரபூர்வ நேரமானிச் சோதனை நிறுவனம் தன் சான்றிதழுக்கு ஏற்றுக்கொள்ளும் எல்லையே, சராசரியாக நாளுக்கு 4 செக்கன் பிந்துவதிலிருந்து 6 செக்கன் முந்துவது வரைதான். சான்றிதழ் இல்லாத நல்ல மணிக்கூடு பதினைந்து, இருபது செக்கன் பிழைத்தாலும் அதை உடைந்த பொருளாக எண்ணத் தேவையில்லை. நானூறு ரூபாய்ப் பற்றறி மணிக்கூடு இதைவிடத் துல்லியமாக ஓடும் என்பதும் உண்மை. அதில் அவமானம் எதுவும் இல்லை. 1969 டிசெம்பர் 25இல் சீக்கோ தன் முதலாவது குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்ட நாளிலிருந்தே துல்லியப் போட்டியில் இயந்திர மணிக்கூடு தோற்றுவிட்டது. இன்று அதை வாங்குகிறவர்கள், ஊருக்கு மூன்று தலைமுறை ஓடிய வண்டிலைச் செய்த ஆசாரியாரின் கைக்கு என்ன மதிப்புக் கொடுப்போமோ அந்த மதிப்புக்காக வாங்குகிறார்கள். இரவில் கழற்றி வைக்கும்போது முகப்பு மேலே பார்க்க வைப்பதற்கும், குமிழ் மேலிருக்கச் சாய்த்து வைப்பதற்கும் ஓட்டத்தில் இரண்டு மூன்று செக்கன் வித்தியாசம் வரும். ஒரு கிழமை மாற்றிமாற்றி வைத்து, காலைச் செய்திக்கு முன் வானொலியில் வரும் நேர ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பகலில் முந்தியதை இரவில் பிந்தச் செய்யும் கிடை எதுவென்று பிடிபட்டுவிடும். ஓய்வுபெற்றவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் எழுதவேண்டியிருக்கிறது. பின்மூடியில் '30 மீற்றர்' என்று பொறித்திருந்தால், முப்பது மீற்றர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. ஆய்வுகூடத்தில் புத்தம்புது மணிக்கூட்டை அசையாமல் வைத்துக் கொடுத்த அழுத்தத்தின் அளவு அது. நடைமுறையில் கை கழுவும்போது தெறிப்பதையும் மழைத்தூறலையும் தாங்கும், அவ்வளவே. கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுவதற்கோ, இரணைமடு வாய்க்காலில் பாய்வதற்கோ 100 மீற்றராவது பொறிக்கப்பட்டிருக்கவேண்டும், குமிழும் பூட்டப்பட்டிருக்கவேண்டும். அப்படியிருந்தும் தண்ணீரைத் தடுப்பது இரும்பு அல்ல. குமிழிலும் பின்மூடியிலும் கண்ணாடியைச் சுற்றியும் இருக்கும் மெல்லிய றப்பர் வளையங்களே. எங்கள் வெக்கையில் றப்பர் என்ன பாடுபடும் என்பது சைக்கிள் ரியூப் பாவித்த எல்லோருக்கும் தெரியும். நாலைந்து வருடமான வளையத்தை நம்பித் தண்ணீரில் இறங்குவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்விக்கவேண்டும். வெயிலில் கொதித்த மணிக்கூட்டோடு திடீரெனக் குளிர்ந்த கிணற்றுநீரை ஊற்றுவதும் ஆபத்து. உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, வளையத்தில் இருக்கும் சிறு வெடிப்பினூடாக நீரை உறிஞ்சும். முல்லைத்தீவுக் கடலில் இறங்கிவிட்டு வந்தால், குமிழ் பூட்டப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கவேண்டும்.

கண்ணாடிக்கு உட்புறம் புகார் படிந்தால் அதை அரிசிக்குள் புதைப்பதும் வெயிலில் காயவைப்பதும் கூடாது. புகார் மறைந்துவிடும், ஈரம் மறையாது. சில கிழமைகளில் எஃகுப் பாகங்களில் கறல் பிடிக்கும். கறல் பிடித்த மணிக்கூட்டைத் திருத்துவதற்கான செலவு சிலவேளை அதன் விலையையே எட்டிவிடும். அன்றே, அல்லது அடுத்த நாளே, திறந்து உலர்த்தத் தெரிந்தவரிடம் கொண்டுபோவது ஒன்றுதான் வழி.

வியர்வையும் புழுதியும் வன்னியின் நித்திய விருந்தாளிகள். கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் மணிக்கூட்டின் இணைப்புகளுக்குள் செம்மண் ஏறி, வியர்வை உப்போடு சேர்ந்து அரத்தூள் போலாகிவிடும். எஃகுப் பட்டி தளர்ந்து தொங்குவதற்கு அதுவே காரணம். தண்ணீர் தாங்கும் மணிக்கூடானால், மாதம் ஒருமுறை மென்மையான பற்தூரிகையும் இளஞ்சூட்டு நீரும் சிறிது குழந்தைச் சவர்க்காரமும் போதும். தோற்பட்டி எங்கள் காலநிலைக்கு ஏற்றதல்ல என்பது என் துணிபு. ஆறு மாதத்தில் கறுத்து நாறத் தொடங்கும். ஆகவே அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, நாளாந்தப் பாவனைக்கு றப்பர் அல்லது நைலோன் பட்டி போடுவது நல்லது. விறகு கொத்தும்போதும், மண்வெட்டி பிடிக்கும்போதும், லான்ட்மாஸ்ரர் ஓட்டும்போதும் மணிக்கூட்டைக் கழற்றி வையுங்கள். 1930களிலிருந்தே அச்சு முனைகளைக் காக்கும் சிறு அதிர்ச்சி தாங்கிகள் உள்ளே இருக்கின்றன என்பது உண்மைதான்; அவை கையிலிருந்து தற்செயலாக மேசையில் இடிபடுவதற்காகவே தவிர, வரம்பு முழுவதும் அதிர்வதற்காக அல்ல.

ஆனால் தண்ணீராலும் புழுதியாலும் கெட்ட மணிக்கூடுகளைவிட, திருத்துகிறோம் என்று திறந்தவர்களால் கெட்டவற்றையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். என் மைத்துனரின் மணிக்கூட்டை, பிந்தி ஓடுகிறதென்று, நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். மரையிட்டுப் பூட்டிய பின்மூடியைத் திறக்க அதற்கென ஒரு திறப்பு இருக்கிறது. அந்த இளைஞர் பேனாக்கத்தியின் அலகைப் பள்ளத்தில் கொடுத்து, அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் தட்டினார். நான் 'வேண்டாம்' என்பதற்குள் கத்தி வழுக்கி, கண்ணாடி போலிருந்த எஃகில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறு விழுந்தது. உள்ளே திறந்ததும், தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய்ப் போத்தலை எடுத்து, தெரிந்த சக்கரங்களிலெல்லாம் ஒவ்வொரு சொட்டு விட்டார். அது சுருள்வரை பரவியது. மணிக்கூடு இரண்டு நாள் ஓடியது, பிறகு நின்றது. பின்னர் கொழும்பில் திறந்தபோது, பின்மூடியின் றப்பர் வளையமும் உள்ளே இல்லை. அந்த இளைஞர் கெட்டவர் அல்லர். பற்றறி மாற்றுவதைத் தவிர வேறெதையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்பது மட்டுமே என் மனத்தாங்கல்.

ஆகவே, உத்தரவாத அட்டை உயிரோடு இருக்கும் காலத்தில் வேறெவரும் திறக்கக்கூடாது. திறந்தால் உத்தரவாதம் போய்விடும். றோலெக்ஸ், ஒமேகா இரண்டும் இன்று புதிய மணிக்கூடுகளுக்கு 5 வருட உத்தரவாதம் தருகின்றன. அட்டையையும் தொடர் இலக்கத்தையும் பிள்ளைகள் ஒரு புகைப்படமாகவேனும் அனுப்பிவைக்கவேண்டும். வருடாவருடம் திறந்து 'சேர்விஸ்' செய்யவேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். இன்றைய செயற்கை எண்ணெய்கள் அவ்வளவு விரைவில் உலர்வதில்லை. ஒமேகா 5 முதல் 8 வருடத்துக்கு ஒருமுறை என்கிறது, றோலெக்ஸ் ஏறத்தாழ 10 வருடம் என்கிறது. அதற்கிடையில் வழக்கத்துக்கு மாறாகப் பிந்துவதோ, முழுச் சாவி கொடுத்தும் ஒரு நாளில் நின்றுவிடுவதோ நேர்ந்தால் மட்டும் காட்டலாம். ஒழுங்கான திருத்துநர், மணிக்கூட்டின் ஒலியைக் கேட்டு அதன் ஓட்டத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்த பிறகே திறப்பதா இல்லையா என்று சொல்வார். சேர்விஸ் என்றால் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிக் கழுவி, புது வளையங்கள் போட்டு, மறுபடி பூட்டி எண்ணெய் இட்டு, சில நாள் ஓடவிட்டுப் பார்ப்பது. அரை மணித்தியாலத்தில் கையில் தந்தால் அது சேர்விஸ் அல்ல. கீறுகளைப் போக்கி மினுக்கித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். மினுக்குவது உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதான். இரண்டு மூன்று முறை மினுக்கிய மணிக்கூட்டின் விளிம்புகள் சூப்பிய இனிப்புப் போலாகிவிடும், விற்கும்போது விலையும் விழும்.

மணிக்கூட்டைத் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் மின்பெட்டி ஒன்றையும் சில பிள்ளைகள் சேர்த்து அனுப்புகிறார்கள். அது அவசியமில்லை. நின்ற மணிக்கூடு ஓய்வெடுக்கிறது, கெட்டுப்போகவில்லை. பூச்சியுருண்டை போட்ட துணிப்பெட்டிக்குள் வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு மூடிய டப்பாவில் வைத்து, கட்டத் தோன்றும்போது சாவி கொடுத்துக் கட்டினால் போதும். ஆனால் என் விருப்பம், அதைக் கட்டுவதுதான். நல்லநாள் பெருநாளுக்கென்று பூட்டி வைத்து, பேரனுக்கு என்று சொல்லிச் சொல்லி, பேரனின் கையில் நின்றுபோன ஒன்றைக் கொடுப்பதைவிட, ஓடித் தேய்ந்த ஒன்றைக் கொடுக்கலாம்.

இவ்விடத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவிற்சர்லாந்தின் நெஷாற்றலில் மணிக்கூட்டுத் தொழிலைக் கற்பிக்கவே 1966இலிருந்து ஒரு நிறுவனம் இயங்குகிறது. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. வாகனமும் மின்னிணைப்பும் கற்பிக்கும் இடத்தில், பின்மூடியை எப்படித் திறப்பது, வளையத்தை எப்படி மாற்றுவது, காந்தத்தை எப்படி நீக்குவது, தெரியாததை எப்போது மூடி வைப்பது என்ற நாலு விடயத்துக்கு ஒரு குறுகிய பயிற்சியைச் சேர்க்க முடியாதா? விரல் நுணுக்கமும் பொறுமையும் உள்ள பிள்ளைகள் எங்களிடம் இல்லாமலில்லை; தையலிலும் நகைவேலையிலும் கைத்தொலைபேசி திருத்துவதிலும் அவர்களைக் காண்கிறோம். கைத்தொலைபேசிக் கடையின் சாவணமும் வில்லையும் மணிக்கூட்டுக்கும் உதவும், மிகுதி பயிற்சிதான்.

புதுக்குடியிருப்பு வாசகர் மணிக்கூட்டின் பெயரை எழுதவில்லை. ஆகவே அது அசலா போலியா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெட்டியோடு வந்த அட்டையிலுள்ள தொடர் இலக்கத்தைக் காட்டி, அந்த உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே அதைக் கேட்கவேண்டும். ஆனால் அதற்கு முன் இன்றிரவு அவர் செய்யக்கூடியது உண்டு. குமிழைப் பூட்டியிருந்தால் கழற்றி, 30 சுற்றுச் சாவி கொடுத்து, முள்ளை 6 மணிக்குக் கொண்டுபோய்த் திகதியை வைத்து, நேரத்தைச் சரிசெய்து, தொலைபேசியிலிருந்தும் வானொலியிலிருந்தும் தள்ளி, முகப்பு மேலே பார்க்க ஒரு மர மேசையில் வைக்கட்டும். மறுநாள் அதே நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தால் முதற்குறை தீர்ந்தது. அப்போதும் பல நிமிடம் முந்தியிருந்தால், பாடசாலை ஆய்வுகூடத்துத் திசைகாட்டியொன்றின் அருகே கொண்டுபோய்ப் பார்க்கட்டும். முள் இழுபட்டால், வவுனியா நண்பரின் கருவியை வாங்கி வைக்க எனக்கு ஒரு கிழமை அவகாசம் தந்து, தங்கள் பத்திரிகை அலுவலகத்தினூடாகத் தொடர்புகொண்டு, பஸ்ஸேறிக் கிளிநொச்சிக்கு வரட்டும். பின்மூடியை நான் திறக்கமாட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.